மழைக்காலத்தில் கொல்லைக் கோழி: பினாங்கில் புதிதாக வளர்ப்பவர்களுக்கு

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு, மழை தொடங்கியதும் கூண்டைச் சுற்றிக் கேன்வாஸ் கட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பையும் தொங்கவிடுகிற புதியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். பாவம், கோழிக்குக் குளிருமே என்ற இரக்கம்தான். ஆனால் பினாங்கில் எவ்வளவு மழை அடித்தாலும் இரவில் வெப்பம் 22 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். கோழியின் உடல் வெப்பமோ 41 டிகிரிக்கு மேல். பனி விழும் நாடுகளில் உறைநிலைக்குக் கீழேயும் வளர்ந்த கோழிகள் பல்பு இல்லாமல் இரவைக் கழிக்கின்றன. இறகை உப்பிக்கொண்டு, அதற்குள் காற்றைச் சிறைபிடித்து வைத்துக்கொள்வதால் அது முடிகிறது. நம் மழை இரவு அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்த இறகு நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டால்தான் வம்பு. உள்ளே காற்று நிற்காது, சூடும் நிற்காது. அதோடு ஈரத் தரையில் கிருமி பெருகும், ஈரத் தீவனத்தில் பூஞ்சை பிடிக்கும், தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும், நாற்றம் பக்கத்து வீட்டுக்குப் போகும். ஆகவே இந்தப் பருவத்தில் நீங்கள் செய்கிற எல்லா வேலைக்கும் ஒரே நோக்கம்தான்: கோழியும் அதைச் சுற்றியுள்ளவையும் காய்ந்திருக்க வேண்டும். கேன்வாஸால் மூடிக் கட்டினால் நேர்மாறாக உள்ளே வியர்த்துக் கொட்டும்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் மழை கனக்கும். ஏப்ரல், மே வாக்கில் இன்னொரு சுற்று உண்டு. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைந்து வெயில் காயும். கூண்டு கட்டவும் குஞ்சு வாங்கவும் அதுதான் நல்ல நேரம். அக்டோபரில் ஆசை வந்து குஞ்சு வாங்குபவர்கள் கடினமான பாடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

வாங்குவதற்கு முன்

தீவில் இருந்தால் பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலத்தில் இருந்தால் செபராங் பிறை மாநகர் மன்றம். வீட்டில் கோழி வைக்க உங்கள் பகுதியில் என்ன விதி என்று முதலில் அங்கே கேட்டுவிடுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் ஆசையை விட்டுவிடலாம். சுவரோடு சுவர் ஒட்டிய தாமான் வீடு என்றால் பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. விடியற்காலை நான்கரை மணிக்குக் கூவும் சேவலால் கெட்ட அண்டை உறவை எத்தனை முட்டை கொடுத்தாலும் ஒட்ட வைக்க முடியாது.

நான்கு பெட்டைகள் போதும். கம்பத்துக் கோழியோ பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழியோ, முட்டையிடத் தொடங்கும் வயதை நெருங்கியதாகப் பார்த்து வாங்குங்கள். அழகுக்காக செராமா வாங்க நினைப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிளந்தானில் உருவான இந்தக் குட்டி இனம் பெரும்பாலும் அரைக் கிலோ கூட வராது. உடம்பு சிறிதாக இருப்பதால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். மேலே சொன்ன தைரியம் செராமாவுக்குப் பொருந்தாது. மழை இரவில் அதைக் கூரைக்குள் காற்றுப் படாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

கூண்டு

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. கொல்லையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு பெருமழைக்குப் பிறகு நடந்து பாருங்கள். அந்த இடத்தை விட்டுவிட்டு மேடான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். கூண்டின் தளம் தரையிலிருந்து இரண்டடியாவது உயரத்தில், கால்கள் மேல் நிற்கட்டும். பழைய கம்பத்து வீடுகளைத் தூண் மேல் கட்டியதும் இதே காரணத்துக்காகத்தான். கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு செங்கல் வைத்தால் மரம் உளுக்காது.

இடம்: உள்ளே ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே உலாவ 8 முதல் 10 சதுர அடி. மழைக்காலத்தில் இந்தக் கணக்கில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். நாள் முழுக்க உள்ளேயே அடைந்து கிடந்தால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். உலாவும் இடத்தில் பாதிக்காவது கூரை போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. பழைய தகரமே போதும். தகரத்தில் மழை அடிக்கும் சத்தம் உங்களுக்குத்தான் எரிச்சல், கோழிகள் இரண்டு நாளில் பழகிக்கொள்ளும்.

கூரை கூண்டைத் தாண்டி நான்கு பக்கமும் இரண்டடி நீண்டிருக்க வேண்டும். சாய்வு பின்பக்கம் இறங்கட்டும். வாசலில் தண்ணீர் கொட்டினால் ஒரே வாரத்தில் சேறாகிவிடும். எந்தப் பக்கம் அடைப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்போ காலையிலோ, மலாக்கா நீரிணையைத் தாண்டி மேற்கிலிருந்து திடீரென்று ஒரு புயற்காற்று மழையோடு வரும். வானிலைத் துறையினர் அதை ‘சுமத்ரா’ என்பார்கள். கோழிகள் பரணில் தூங்கும் நேரத்தில் சாய்வாக அடிக்கும் மழை அது. மேற்கு, தெற்குப் பக்கங்களைப் பலகையாலோ தகரத்தாலோ முழுதாக அடைத்துவிடுங்கள். மற்ற இரண்டு பக்கம் கம்பி வலையாகவே இருக்கட்டும். கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டால் ஈரக்காற்று மேலேறி வெளியே போய்விடும்.

பரண் கட்டை இரண்டடி உயரத்தில், ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்ற அளவில் இருக்கட்டும். இரண்டு அங்குல அகலமுள்ள மரச் சட்டத்தை, முனைகளை மழுக்கிவிட்டுப் போடுங்கள். இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் குழாயும் வழுக்கும். முட்டையிட ஓரடிக்கு ஓரடி பெட்டி ஒன்று நான்கு கோழிகளுக்கும் போதும்.

உமிப் படுக்கை

பெருநிலத்தின் வடக்கில் நெல் வயல்கள் உள்ளதால் நமக்கு உமி கிடைப்பது பெரிய சிரமமில்லை. தீவனக் கடையில் கேட்டாலும் வழி சொல்வார்கள். மரத்தூளைவிட இழைப்புச் சுருள் நல்லது, உமி அதைவிடச் சுலபம். தளத்தில் நான்கு முதல் ஆறு அங்குலம் கொட்டுங்கள். தினமும் காலையில் பரணுக்குக் கீழே உள்ள எச்சத்தை மட்டும் அள்ளி எடுத்து, மீதியை ஒரு சிறு மண்வாரியால் கிளறிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் மழைக்காலத்தில் ஒருநாள் விட்டாலும் மறுநாள் தெரிந்துவிடும்.

சோதனை இரண்டு. கைப்பிடி உமியை எடுத்து அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, கட்டியாக நின்றால் மாற்ற வேண்டும். அடுத்து, கூண்டுக்குள் குனிந்து கோழியின் உயரத்தில் மூச்சு விடுங்கள். மூக்கு எரிந்தால் அது அமோனியா. நிமிர்ந்து நிற்கும் மனிதருக்குத் தெரியாத அளவே கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்கிவிடும். ‘மழையில் கோழிக்குச் சளி பிடித்துவிட்டது’ என்று சொல்லப்படுவதில் பாதி இந்த அமோனியா தொடங்கி வைத்ததுதான். ஈரமான இடத்தை அப்படியே வாரி எறிந்துவிட்டுப் புது உமி போடுங்கள். ஈரத்தின் மேல் காய்ந்த உமியைத் தூவி மறைப்பதில் பயனில்லை.

மழையில் கொல்லை மண் முழுவதும் ஊறிவிடுவதால் கோழிகள் புழுதி குளிக்க இடமிருக்காது. புழுதி குளிக்காத கோழியில் பேன் ஏறும். பழைய கார் டயர் ஒன்றைக் கூரைக்குக் கீழே வைத்து, மணலும் விறகுச் சாம்பலும் கலந்து நிரப்புங்கள். அவை புரள்வதைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

தீவனமும் தண்ணீரும்

முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் சாப்பிடும். நான்கு கோழிக்கு மாதம் 15 கிலோவுக்குள் அடங்கிவிடும். விலை மலிவு என்று 50 கிலோ மூட்டை வாங்கி வைக்காதீர்கள். மழைக்காற்றில் தீவனமும் சோளமும் ஈரத்தை இழுத்துப் பூஞ்சை பிடிக்கும், அதில் உருவாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். வெயிலில் காய வைத்தால் பூஞ்சை மறையலாம், நஞ்சு போகாது. ஆகவே இரண்டு வாரத்துக்கானதை மட்டும் வாங்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். கட்டி தட்டியது, புளித்த வாடை அடிப்பது எல்லாம் குப்பைக்குத்தான். மீந்த சோற்றையும் இட்லியையும் போடலாம், அளவாக. ஈரச் சோறு மதியத்துக்குள் தீரவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் தேய்த்துக் கழுவிக் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். தேங்கிய மழைத்தண்ணீரைக் கோழி விரும்பித்தான் குடிக்கும், அதற்காக விட்டுவிடக் கூடாது. கொல்லையில் கிடக்கும் தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, டயரின் உட்பள்ளம் இவற்றில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு வரும். சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரிகள் கொசுப்புழுவைக் கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் விதிக்கலாம். கோழிக்கு வைத்த தண்ணீர் என்று சொன்னால் விட்டுவிடமாட்டார்கள்.

முட்டை குறைகிறதே என்று கவலைப்பட்டுக் கூண்டில் விளக்குப் போடுவதும் குளிர் நாட்டுப் பழக்கம்தான். அங்கே குளிர்காலத்தில் பகல் எட்டு ஒன்பது மணி நேரமாகச் சுருங்குவதால் கோழி முட்டையை நிறுத்திவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். மழைக்காலத்தில் முட்டை குறைந்தால் இறகு உதிர்கிறதா, பேன் இருக்கிறதா, தீவனம் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். தீபாவளியை ஒட்டி இரண்டு நாள் முட்டை இல்லை என்றால் பட்டாசுச் சத்தம்தான். அன்று மாலை ஆறு மணிக்கே அடைத்துவிடுங்கள்.

நனைந்த கோழி

வளர்ந்த கோழி தூறலில் நனைந்து, தானே ஒதுங்கி இறகைக் கோதினால் ஒன்றும் செய்ய வேண்டாம். தோல் வரை ஊறி, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை உள்ளிழுத்து நடுங்கினால் உடனே தூக்குங்கள். பழைய துண்டால் இறகின் போக்கிலேயே ஒற்றி எடுங்கள்; தேய்க்காதீர்கள். அட்டைப் பெட்டியில் காய்ந்த துணி விரித்து, காற்றுப் படாத இடத்தில் வையுங்கள். முடி உலர்த்தும் கருவி இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு முழத் தூரத்தில் காட்டலாம். நன்றாக நிமிர்ந்து நிற்கும் வரை வாயில் தண்ணீரோ கஞ்சியோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். அடி இறகு வரை காய்ந்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும்.

குஞ்சுகள்

பல்பு உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது ஒன்றுதான். பஞ்சு உதிர்ந்து இறகு முளைக்கும் வரை குஞ்சால் தன் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். நம் ஊர்ப் பகல் வெப்பத்தில் மூன்றாவது வாரத்துக்கு மேல் பகலில் பல்பு அநேகமாக வேண்டியிருக்காது. மழை இரவுகளில் ஐந்தாவது வாரம் வரை வைத்திருங்கள். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும்: பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது, மூலையில் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி.

இப்போது கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. சூடு தரும் பல்பாகக் கேட்டு வாங்குங்கள். பல்பைக் கயிற்றில் மட்டும் கட்டாமல் சங்கிலியாலும் பிணைத்து, சுற்றிக் கம்பிக் கூடு போடுங்கள். உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும். ஈரக் கொல்லைக்கு நீட்டிப்பு வயர் இழுப்பதைவிடக் குஞ்சுப் பெட்டியை வீட்டுக்குள் பின்னறையில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இடியில் மின்சாரம் போய்விட்டால் வெந்நீர்ப் போத்தலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள். அடைகாத்த தாய்க்கோழியே கூட இருந்தால் இந்தப் பத்தி முழுவதையும் மறந்துவிடலாம்.

நோய்

மழைக்காலத்தில் மூன்றைத் தெரிந்துவைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

முதலாவது ரத்தக் கழிச்சல். எச்சத்தோடு வெளியேறும் நுண்ணுயிர் முட்டைகள், சூடும் ஈரமும் சேர்ந்தால் இரண்டு நாளுக்குள் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மூன்று முதல் எட்டு வார வயதுக் குஞ்சுகளுக்கு ஆபத்து அதிகம். குறுகி நிற்கும், இறக்கை தொங்கும், எச்சத்தில் ரத்தம் தெரியும். ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். அளவைக் கால்நடை மருத்துவரிடமே கேளுங்கள். படுக்கையை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் அடுத்த வாரமே திரும்பி வரும்.

இரண்டாவது அம்மை. கொசு பரப்புவது. கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் பரு கிளம்பி, கறுத்து, மூன்று நான்கு வாரத்தில் உதிரும். பருவைக் கிள்ளாதீர்கள். போவிடோன் அயோடின் தடவி, கண் மூடிப்போன கோழிக்குத் தீவனத்தைக் கண்ணில் படுகிற மாதிரி பக்கத்தில் வைத்தால் பெரும்பாலானவை பிழைத்துவிடும். வாயின் உள்ளே பரவினால்தான் கவலை. இறக்கைச் சவ்வில் குத்தும் தடுப்பூசி இதற்கு உண்டு.

மூன்றாவது வெள்ளைக் கழிச்சல், மலாய்க்காரர்கள் சம்பார் என்பது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்வது, பிறகு வரிசையாகச் சாவு. வந்த பிறகு மருந்து கிடையாது, தடுப்பு மருந்து ஒன்றே வழி. கம்பத்துக் கோழிகளுக்காகவே, சூட்டைத் தாங்கும் வகையில், தீவனத்தில் கலந்து கொடுக்கக்கூடிய ஒரு தடுப்பு மருந்தை 1980-களில் உருவாக்கியதில் நம் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழக (இன்றைய புத்ரா பல்கலைக்கழகம்) ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மழை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கால்நடை மருத்துவச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்துப் போட்டுவிடுங்கள்.

மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பதை நான் தடுக்கவில்லை. கெடுதல் ஒன்றுமில்லை. அதை நம்பித் தடுப்பு மருந்தை விடுவதுதான் தவறு. கடையில் கிடைக்கும் நுண்ணுயிர்க் கொல்லித் தூளைத் தும்மலுக்கெல்லாம் கலந்து கொடுப்பதும் வேண்டாம். எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் பல கோழிகள் காரணம் தெரியாமல் செத்தால் தொடாமல் அதே துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் 2004-இல் கிளந்தானிலும், 2006-இல் கோலாலம்பூர் செத்தாப்பாக்கைச் சேர்ந்த பகுதியிலும் வந்தபோது, முதலில் பாதிக்கப்பட்டவை வீட்டில் வளர்த்த கம்பத்துக் கோழிகளே.

பாம்பு, மரநாய், உடும்பு

கால்வாய் நிறைந்ததும் மலைப்பாம்பு மேட்டைத் தேடி வரும், கூடவே கோழி வாசனையும் இழுக்கும். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழி வலை கோழியைத் தடுக்கும், மரநாயைத் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலை வாங்கி, ஆணிக்குப் பதில் திருகாணியும் வட்டத் தகடும் வைத்து இறுக்குங்கள். உடும்பு மண்ணைத் தோண்டும். அதனால் வலையைத் தரையில் ஒன்றரை அடி வெளிப்பக்கமாக விரித்துக் கல் வைத்துவிடுங்கள். பாம்பு உள்ளே வந்துவிட்டால் கம்பைத் தூக்காமல் 999 அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினரோ தீயணைப்புப் படையினரோ வந்து பிடித்துப் போவார்கள். மலைப்பாம்பு பாதுகாக்கப்பட்ட விலங்கு, அடித்துக் கொல்வது குற்றம்.

வெள்ளம் வந்தால்

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு கண்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் மூடியுள்ள காய்கறிக் கூடைகள் இரண்டைச் சமையலறையில் தயாராக வைத்திருங்கள், ஒரு கூடைக்கு இரண்டு கோழி. இருட்டிய பின் கோழிக்குக் கண் தெரியாது, பரணில் இருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். தண்ணீர் வடிந்ததும் நனைந்த தீவனம், படுக்கை அனைத்தையும் கொட்டிவிட்டு, கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு நாள் காயவிட்டுத்தான் திரும்ப அடைக்க வேண்டும். எலிக் காய்ச்சல் அபாயம் இருப்பதால் ரப்பர் காலணியும் கையுறையும் இல்லாமல் அந்தச் சேற்றில் இறங்காதீர்கள்.

முட்டை, எரு

ஈரக் காலோடு ஏறும் கோழிகள் முட்டையை அழுக்காக்கும். காலையிலும் மதியமும் எடுத்துவிடுங்கள். லேசான அழுக்கைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுவியே ஆக வேண்டும் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துடைத்து, குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் பயன்படுத்துங்கள். குளிர்ந்த தண்ணீர் ஓட்டின் துளை வழியாக அழுக்கை உள்ளே இழுக்கும். விரிசல் விட்டதை நன்றாக வேகவைக்காமல் சாப்பிடக் கூடாது.

ஜனவரி வெயில் வந்ததும் பழைய உமி முழுவதையும் வாரி வெளியே எடுத்து, கூண்டின் கதவுகளைத் திறந்துபோட்டு, பலகையின் இடுக்குகளில் உண்ணி ஒளிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வாரிய உமி அருமையான எரு. ஆனால் நேராகக் கொட்டினால் வேர் கருகிவிடும். இரண்டு மூன்று மாதம் மூடி மக்க வைத்த பிறகு வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போடுங்கள்.